கரடியைக் குறைத்து நிறுக்காதீர்கள்

"புலிக்கு முன்னால கரடி என்னத்தைச் செய்யும்?"

வல்வெட்டித்துறையில் வாசிகசாலை வாங்கிலோ கடற்கரை மணலிலோ விலங்குகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால், இந்தக் கேள்வியோடு அது முடிந்துவிடும். கேட்பவர் பதில் வேண்டிக் கேட்பதில்லை. புலி, சிங்கம், சிறுத்தை ஆகிய பெரும்பூனைகளிடம்தான் காட்டின் வலிமை இருக்கிறது. கரடி புற்றை நோண்டிக்கொண்டு திரியும் மந்தமான விலங்கு. இரண்டும் எதிர்ப்பட்டால் கரடிக்கு ஓட்டம்தான் வழி. இதுதான் ஊரின் தீர்ப்பு. பெரியவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் கைபேசியில் நாலு காணொளி பார்த்து உறுதிப்படுத்திக்கொள்கிறார்கள்.

இந்தத் தீர்ப்புப் பிழையானது. அரட்டைதானே என்று விட்டுவிடவும் முடியாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பனங்கூடல்களிலும் பற்றைகளிலும் கரடியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. ஆனால் ஆனையிறவைத் தாண்டினால் வன்னிக் காடு தொடங்குகிறது. அங்கே இரண்டும் உண்டு. வடமராட்சியாருக்கு அங்கே காணி உண்டு, உறவு உண்டு, தொழில் உண்டு. பாலைப்பழக் காலத்தில் காட்டோரம் இறங்கும் ஆசையும் உண்டு. எந்த விலங்கு எதற்கு வல்லது என்று தெரியாமல் அந்தக் காட்டுக்குள் கால் வைக்கிறவன் ஆபத்தைத் தப்பான திசையில் தேடுவான். ஆகவே ஊர்வாதத்தை அதன் படிகளிலேயே எடுத்துப் பார்க்கிறேன். அதில் நியாயம் உள்ள இடங்களையும் மறைக்கப்போவதில்லை.

முதற்படி, பருமன். "புலி பெரிய சாமான், கரடி சின்னது" என்கிறார்கள். எந்தப் புலி, எந்தக் கரடி என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்த அன்னபூரணியைக் கட்டிய ஊர் இது. ஒரு பலகையைக்கூட அளக்காமல் வெட்டாத தச்சர்களின் பேரப்பிள்ளைகள், விலங்கை மட்டும் அளக்காமல் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

இலங்கைக் காட்டில் வரிப்புலி இல்லை, சிங்கமும் இல்லை. இரண்டும் ஒரு காலத்தில் இருந்தன. இரத்தினபுரி மாவட்டத்துக் குருவிட்டவில் கிடைத்த இரண்டு பற்களைக் கொண்டு, இங்கே வாழ்ந்து அழிந்த சிங்கம் ஒன்றை 1939இல் பி. ஈ. பி. தெரணியகல விவரித்தார். அதே குருவிட்டப் பகுதியில் கிடைத்த வரிப்புலி எச்சம் ஏறத்தாழ 16,500 ஆண்டு பழமையானது. இன்று வன்னியார் 'புலி' என்று சொல்வது சிறுத்தையைத்தான். இந்தத் தீவின் சிறுத்தை உலகச் சிறுத்தைகளிடையே நல்ல வளர்த்தி உள்ளதுதான். என்றாலும் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே நிறுத்துப் பார்த்த ஆண் சிறுத்தைகளின் சராசரி 56 கிலோ. அவற்றில் மிகப் பெரியது 77 கிலோ. பெண் சிறுத்தைகளின் சராசரி 29 கிலோ மட்டுமே.

கரடிக்கு வருவோம். நம் காட்டிலும் இந்தியக் காடுகளிலும் வாழ்வது ஒரே இனம். அந்த இனத்தில் ஆண் 80 முதல் 145 கிலோ வரையும், பெண் 55 முதல் 95 கிலோ வரையும் இருக்கும். இலங்கைக் கரடி இந்தியக் கரடியைவிடச் சற்றுச் சிறியது, மயிரும் குட்டை. ஆகவே இந்த எண்களின் கீழ்ப்பக்கத்தை எடுத்துக்கொள்வோம். அப்படி எடுத்தாலும் ஆண் கரடி ஆண் சிறுத்தையின் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வரும். பெண் கரடியோ பெண் சிறுத்தையின் இரு மடங்கு அளவில் நிற்கிறது. வன்னிக் காட்டைப் பொறுத்தமட்டில் பருமன் வழக்கு இத்தோடு முடிந்தது. பெரிய விலங்கு கரடி.

"நாங்கள் உலகப் புலியைச் சொல்கிறோம்" என்று பேச்சை மாற்றுவார்கள். சரி, உலகத்துக்கே போவோம். வங்கப்புலியில் வளர்ந்த ஆண் 180 முதல் 260 கிலோ வரை வரும். பூனைக் குடும்பத்தில் அதைவிடப் பெரிய ஆளைத் தேட வேண்டியதில்லை. ஆண் சிங்கமும் பெரும்பாலும் அதற்குக் கீழேதான். கரடிக் குடும்பத்தின் மேல்வரிசையில் நிற்பது துருவக் கரடி: வளர்ந்த ஆண் 350 முதல் 700 கிலோ. அலாஸ்காவின் கோடியாக் தீவில் வாழும் பழுப்புக் கரடி 600 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. உச்சத்தோடு உச்சத்தை நிறுத்தால் புலியின் தட்டு மேலே போய்விடும். ஆனால் எந்தக் கரடியும் எந்தப் பூனையையும்விடப் பெரியது என்று சொல்லவும் நான் வரவில்லை. மலாயாக் காட்டின் சூரியக் கரடி 25 முதல் 65 கிலோ வரைதான் இருக்கும். அது வாழும் காட்டிலேயே வாழும் புலி அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. நம் இனக் கரடியும் இந்தியாவில் வங்கப்புலியின் பக்கத்தில் நின்றால் சிறியதுதான். 'கரடி', 'புலி' என்ற இரண்டு பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு பருமனைத் தீர்க்க முடியாது. இடத்தையும் இனத்தையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது, பலம். தன்னைவிடப் பெரிய மரையையும் எருமையையும் வீழ்த்துகிற பூனைக்குப் பலம் கூடவா, கறையான் தின்கிற கரடிக்கா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் அதில் இரண்டு வேறு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. கொல்லும் திறன் ஒன்று, உடற்பலம் இன்னொன்று.

கொல்லும் திறனில் பூனைக்கு நிகர் இல்லை. உள்ளே இழுத்து வைத்த நகம், ஓசைப்படாத பாதம், பாய்ச்சலுக்கென்றே திரண்ட பின்னங்கால். கழுத்தையோ குரல்வளையையோ ஒரு கடியில் பிடித்துவிடும் தாடை. பதுங்கல், சில விநாடி வேகம், ஒரு பிடி: அதோடு வேலை முடிய வேண்டும். முடியாவிட்டால் பூனை பெரும்பாலும் விட்டு விலகிவிடும். அதன் தசை நீண்ட மல்லுக்கட்டுக்கு அமைந்ததல்ல.

கரடியின் உடல் வேறு கணக்கில் அமைந்தது. உள்ளங்கால் முழுவதும் நிலத்தில் ஊன்றி நடக்கிறது. தடித்த எலும்பு, அகன்ற தோள், கடிக்குச் சிக்காமல் நழுவும் தளர்ந்த தோல், அதன்மேல் அடர்ந்த மயிர். முன்னங்கால் நகங்கள் ஏழு எட்டுச் சென்ரிமீற்றர் நீளம், உள்ளிழுக்க முடியாதவை. ஆவணி வெயிலில் காய்ந்து இறுகிய வன்னிப் புற்றை அலவாங்கு இல்லாமல் உடைத்துப் பாருங்கள், அந்த முன்னங்கால்களின் பலம் தெரியும். கரடி ஒரே இரவில் அப்படிப் பல புற்றுகளைக் குடைந்துவிட்டுப் போகிறது. நம் ஊராருக்கு இதை விளங்கவைக்க ஆழிக்குமரன் ஆனந்தனைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும். 1971இல் பாக்கு நீரிணையைப் போகவும் வரவும் 51 மணித்தியாலத்தில் நீந்திக் கடந்த அவரை, நூறு மீற்றர் ஓட்டக்காரர் ஒருவரோடு நிறுத்தி 'ஆர் பலசாலி?' என்று கேட்டால் என்ன பதில் சொல்வோம்? பூனையின் பலம் ஓட்டக்காரரின் பலம். கரடியினது நீரிணையைக் கடக்கும் பலம். சண்டை முதற் சில விநாடிகளில் முடிந்தால் பூனைக்கு வாய்ப்பு. இழுபட்டுப் போனால் கரடிக்கு.

இந்த இரண்டு பலமும் உண்மையிலேயே மோதுகிற இடம் ஒன்று பூமியில் இருக்கிறது. இரசியாவின் தூரகிழக்கில் சிக்கோட்டே அலின் மலைக்காடு. அங்கே சைபீரியப் புலியும் பழுப்புக் கரடியும் ஒரே காட்டில் வாழ்கின்றன. நூல்களில் படித்து எழும் வாதங்களை அந்தக் காடு பல பத்தாண்டுகளாகச் சோதித்துக்கொண்டிருக்கிறது. அங்குள்ள புலிகள் கரடிகளைக் கொன்று தின்கின்றன, இது உறுதி. ஆனால் கொல்லப்படுபவை பெரும்பாலும் புலியைவிடச் சிறிய கரடிகள்: குட்டிகள், பெண் கரடிகள், குளிர்காலக் குகையில் உறங்குபவை, பழுப்புக் கரடியைவிடச் சிறிய கருங்கரடிகள். மறுபக்கம், வளர்ந்த ஆண் பழுப்புக் கரடிகள் புலியின் தடத்தைப் பனியில் மோப்பம் பிடித்துப் பின்தொடர்ந்து, புலி வீழ்த்திய மானைப் பறித்துக்கொள்கின்றன. பழுப்புக் கரடியால் புலி இறந்ததும் பதிவில் உண்டு. அங்கே இந்நாளில் நிறுத்துப் பார்த்த ஆண் புலிகள் பெரும்பாலும் 200 கிலோவுக்கு உட்பட்டவை. ஆண் பழுப்புக் கரடி 250 கிலோவைத் தாண்டும். இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு அங்கு நடப்பதைப் பார்த்தால் எல்லாம் விளங்கும். வேட்டையைத் தொடங்குவது புலி. ஆளைத் தெரிவு செய்வதும் புலி. தன்னால் முடியாத கரடியை அது தெரிவு செய்வதே இல்லை. "புலி கரடியைக் கொல்லும்" என்ற வசனத்தில் இந்தத் தெரிவு மறைந்துபோகிறது. புலி முட்டாளாக இருந்திருந்தால் அந்தக் காட்டில் கணக்கு வேறுமாதிரி வந்திருக்கும்.

மூன்றாவது வாதம் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. "கறையான் தின்னி, முன்பல்லும் இல்லை, மந்தம்" என்கிறார்கள். இந்த இழிவுக்கு வெள்ளைக்காரரும் பொறுப்பு. 1791இல் ஜோர்ஜ் ஷா இந்த விலங்கை முதன்முதலாக விவரித்தபோது, நீண்ட வளைந்த நகங்களையும் பற்களின் அமைப்பையும் கண்டு, தென்னமெரிக்க மரங்களில் தொங்கும் சோம்பல் விலங்கின் வகையில் சேர்த்துவிட்டார். பிழை பின்னர் திருத்தப்பட்டது. மந்தம் என்ற எண்ணம் மட்டும் ஒட்டிக்கொண்டது.

மேல்தாடையின் நடுவில் இரண்டு வெட்டும் பற்கள் இல்லை என்பது மெய். அது குறையல்ல. அந்த இடைவெளியால்தான் இந்தக் கரடி கறையானை உறிஞ்சுகிறது. புற்றை உடைத்து, மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு, நீண்ட உதடுகளைக் குவித்து ஊதி மண்ணை அகற்றி, பிறகு இழுக்கும் இழுப்பின் ஓசை நூறு மீற்றருக்கு அப்பாலும் கேட்கும். கிழிக்கும் கோரைப்பற்கள் நாலும் அப்படியே இருக்கின்றன. மரமேறும், மனிதனைவிட வேகமாக ஓடும். சங்கப் புலவர்கள் இதை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள்! அகநானூற்றில் 'எண்கு' என்ற பெயரில் வரும் கரடி இரவில் புற்றை அகழ்கிறது, இருப்பைப் பூவைத் தின்கிறது. இன்றைய ஆய்வாளர் இரவுக் கமராவில் காண்பதும் அதையே. அந்தப் புலவர்கள் அதை மந்தமென்று இகழவில்லை. அந்த வழியில் வரும் தலைவனுக்காகத் தலைவியும் தோழியும் அஞ்சினார்கள்.

கறையான் தின்பது கரடியைச் சாதுவாக்கும் என்று நினைப்பது பெரிய தவறு. சிறுத்தைக்கு இரை வேண்டும். ஆகவே அது ஆதாயம் பார்க்கும். காயப்பட்டால் நாளை வேட்டையாட முடியாது என்பது அதன் உடம்புக்குத் தெரியும். மனிதனைக் கண்டால் பெரும்பாலும் பற்றைக்குள் மறைந்துவிடும். கரடி உன்னை இரையாகப் பார்ப்பதில்லை. ஆபத்தாகப் பார்க்கிறது. கண்பார்வையும் காதும் அதற்கு மட்டம். தலையைப் புற்றுக்குள் விட்டு உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது மனிதன் அருகில் வந்தாலும் தெரியாது. திடீரென்று பத்தடியில் கண்டால் அது ஓடுவதில்லை, எழுந்து மேலே விழுகிறது. நகமும் பல்லும் முதலில் தேடுவது முகத்தை. அப்படித் தாக்கப்பட்டு உயிர் தப்பியவர்களில் பலர் கண்ணை இழந்தார்கள், மூக்கை இழந்தார்கள்.

ஏன் இப்படி? ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இந்தக் கரடியினம் புலியும் சிறுத்தையும் இருந்த காடுகளில் உருவானது. மரமேறித் தப்பலாம் என்றால் சிறுத்தையும் மரமேறும். ஓடித் தப்பலாம் என்றால் புலி ஓடும். தாய்க்கரடி குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு திரியும். உலகின் எட்டுக் கரடி இனங்களில் இதை வழக்கமாகச் செய்வது இது ஒன்றுதான். குட்டியைச் சுமந்த தாய்க்கு நின்று எதிர்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. குருவிட்டப் புலி மறைந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் காலத்து எதிர்ப்பு இன்றைக்கும் நம் கரடியின் இரத்தத்தில் இருக்கிறது. அதன் முன்னே இன்று போய் நிற்பது தேன் எடுக்கப் போன மனிதன்.

காணொளிகளைக் காட்டி வாதிடுவோருக்கும் பதில் சொல்ல வேண்டும். 2018 பெப்ரவரியில் மகாராட்டிரத்தின் தடோபா புலிகள் காப்பகத்தில் பதிவான காணொளியைப் பலர் பார்த்திருப்பார்கள். நீர்நிலைக்குக் குட்டியோடு வந்த தாய்க்கரடியை ஓர் ஆண் புலி தாக்குகிறது. தாய்க்கரடியைப் புலி கீழே அமுக்கிக் கடிக்கும் காட்சி உண்டு. அதை மட்டும் வெட்டி எடுத்து "பார்த்தீர்களா" என்று அனுப்புகிறார்கள். முழுவதையும் பார்த்தால், கடிபட்ட அந்தத் தாய் மீண்டும் மீண்டும் எழுந்து புலியின் மேல் பாய்வதையும், இறுதியில் இரண்டும் தனித்தனியே விலகுவதையும் காணலாம். எடையில் தன்னைப்போல இரண்டு மடங்கான விலங்குக்கு முன்னால் அது நின்றது. இந்தியக் காடுகளில் புலியும் கரடியும் எதிர்ப்பட்ட நிகழ்வுகளில் மிகப் பெரும்பாலானவை உடலில் உடல் படாமலே முடிகின்றன. கரடி எழுந்து நின்று கத்துகிறது. புலி யோசித்துவிட்டுப் போகிறது. அந்தக் காணொளிகளை ஆரும் பகிர்வதில்லை. புலி கரடியைக் கொன்று தின்பதும் நடக்கிறது, மறுக்கவில்லை. பின்னாலிருந்து பாய்ந்து கழுத்தைப் பிடித்துவிட்டால் கரடிக்கு வழியில்லை. ஆனால் எப்போதாவது நடப்பதை எப்போதும் நடப்பதாகச் சொல்வது வாதமாகாது.

ரோமாபுரி அரங்குகளில் கரடியையும் சிங்கத்தையும் மோதவிட்ட கதைகளையும் சிலர் எடுக்கிறார்கள். பட்டினி போட்டு, கட்டி இழுத்து வந்து, ஆயிரம் பேர் கூச்சலுக்கு நடுவே விட்ட விலங்குகளைக் கொண்டு காட்டின் வலிமையை அளக்க முடியாது. அந்தக் கதைகளை விட்டுவிடுவோம்.

பழமையைத் துணைக்கு அழைப்பவர்களும் உண்டு. சோழர் கொடியில் புலி, நாட்டின் கொடியில் சிங்கம், அம்மனுக்குச் சிங்க வாகனம். கரடிக்கு எங்கே இடம் என்கிறார்கள். வடமராட்சியில் இருந்துகொண்டு இதைச் சொல்வது எனக்கு ஆச்சரியம். திருமாலை வல்லிபுர ஆழ்வாராகக் கும்பிடுகிற மண்ணில் சியமந்தக மணியின் கதையை எப்படி மறந்தோம்? விநாயக சதுர்த்தியில் நிலவைப் பார்த்தவர்கள் பழிநீங்கக் கேட்கும் கதை அது. மணியை அணிந்து வேட்டைக்குப் போன பிரசேனனைச் சிங்கம் கொன்றது. அந்தச் சிங்கத்தைக் கரடி அரசனான சாம்பவான் கொன்று மணியைக் குகைக்குக் கொண்டுபோனான். தேடி வந்த கண்ணனோடு அவன் மல்லுக்கு நின்றது, பாகவதக் கணக்கில், 28 நாள். இராமனுக்குத் துணை நின்று அனுமனுக்கு அவன் பலத்தை நினைவூட்டியவனும் அவனே. புராணத்தை விலங்கியல் சான்றாக நான் கொள்ளவில்லை. ஆனால் எங்கள் முன்னோர் கரடியை மந்தமாகவும் கோழையாகவும் பார்த்தார்கள் என்று மட்டும் சொல்ல வேண்டாம். சிங்கத்தைக் கொல்லவும் கடவுளோடு பொருதவும் தகுந்த விலங்கைத் தேடியபோது அவர்கள் கரடியைத்தான் எடுத்தார்கள்.

கடைசிப் படிதான் உயிரோடு விளையாடுவது. "காட்டில் பயப்பட வேண்டியது புலிக்கு." இதற்குச் சான்றாகப் புணானையைச் சொல்வார்கள். மட்டக்களப்பு வழியில் புணானைக் காட்டில் பன்னிரண்டு பேரையாவது கொன்ற சிறுத்தையை 1924இல் கப்டன் ஷெல்டன் ஏகார் சுட்டு வீழ்த்தினார். அந்தச் சம்பவம் இன்றுவரை பேசப்படுவதற்குக் காரணமே அதைப் போல இன்னொன்று இலங்கையில் நடக்காததுதான். இந்தியாவின் ருத்திரப்பிரயாகையில் ஜிம் கோர்பெட் 1926இல் சுட்ட சிறுத்தை 125 பேரைக் கொன்றது என்பது அரசுக் கணக்கு. நம் சிறுத்தைக்கு அந்தப் பழக்கம் வரவில்லை.

2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் நடந்ததை நாங்கள் எல்லோரும் அறிவோம். குடிமனைக்குள் வந்த சிறுத்தை பத்துப் பேர்வரை காயப்படுத்தியது. பிறகு மக்கள் அதைப் பொல்லுகளால் அடித்துக் கொன்றார்கள். அந்தக் காணொளி நாடெங்கும் பரவி, கைதுகளும் நடந்தன. காயப்பட்டவர்களின் வலியை நான் சிறிதாக்கவில்லை. ஆனாலும் கூர்ந்து பாருங்கள்: சூழப்பட்டு, கல்லெறிபட்டு, தப்ப வழியில்லாமல் நின்ற சிறுத்தை அது. அந்த நிலையிலும் அது ஒருவரின் உயிரையும் எடுக்கவில்லை. வழி விட்டிருந்தால் அது போயிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

வன்னியில் தேனுக்கும் தடிக்கும் காடு போகிறவர்களிடம் கேட்டால் அவர்கள் முதலில் சொல்வது யானையையும் கரடியையும். சிறுத்தை அந்த வரிசையில் பின்னுக்குத்தான் வரும். காட்டுக்குள் சிறுத்தைத் தடத்தைக் கண்டு சிரிக்கிறவன், புதிதாகக் குடைந்த புற்றைக் கண்டால் குரலை உயர்த்திப் பேசத் தொடங்குவான். கரடித் தாக்குதல்களைப் பற்றி இலங்கையில் ஷியாமளா ரத்நாயக்கவும் உடன் ஆய்வாளர்களும் தாக்கப்பட்டவர்களையே நேரில் கண்டு செய்த ஆய்வு சொல்வதும் இந்த அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. கிட்டத்தில் திடீரென்று எதிர்ப்படுவதே ஆபத்து. காட்டில் தொழில் தேடிப்போகும் ஆண்களே பெரும்பாலும் அதில் அகப்படுகிறார்கள்.

ஊரின் தீர்ப்பு கரடிக்கும் கேடு செய்கிறது. ஓகஸ்ட் 1ஐ நாடு சிறுத்தை நாளாகக் கொண்டாடுகிறது. சுற்றுலாப் பயணிகள் வில்பத்துவுக்கும் யாலவுக்கும் சிறுத்தையைப் பார்க்கத்தான் வருகிறார்கள். ஒக்ரோபர் 12 உலகக் கரடி நாள் என்று, இந்த ஒரே இனத்துக்காகவே 2022 முதல் ஒரு நாள் இருப்பதை நம் பாடசாலைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? இலங்கையில் எஞ்சியிருக்கும் கரடிகள் 500 முதல் 1000 வரை என்பது மதிப்பீடு. சிறுத்தையின் நிலையும் அதைவிடப் பெரிதாக மேலானதல்ல. இரண்டும் ஒரே வறண்ட காட்டில் வாழ்கின்றன. பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் இரண்டும் மாட்டிச் சாகின்றன. சிறுத்தை சுருக்கில் செத்தால் பத்திரிகையில் படம் வருகிறது, மக்கள் கொதிக்கிறார்கள். கரடி செத்தால் நல்லகாலம் என்று நினைக்கிறார்கள். காட்டிலேயே பெரிய ஊனுண்ணி வரிசை விலங்கு, பாலை, வீரை, நாவல் விதைகளைத் தன் எச்சத்தோடு காடெங்கும் பரப்புகிற விலங்கு, அது. அதற்கு இந்த மரியாதை போதாது.

வைகாசி, ஆனியில் பாலை பழுக்கும். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வந்து யாழ்ப்பாண வீதியோரங்களில் அந்த மஞ்சள் பழம் குவியும். ஒட்டும் உதட்டோடு அதைத் தின்னாத பிள்ளை இங்கே இல்லை. அந்த மாதங்களில் கரடியின் முழுக் கவனமும் அந்த மரத்தில்தான் இருக்கும். மரத்தில் ஏறி உலுப்பியும் தின்னும், கீழே விழுந்ததைப் பொறுக்கியும் தின்னும். உறவினர் வீட்டுக்கு வன்னி போகும் எங்கள் பிள்ளைகள் "பழம் பிடுங்குவம்" என்று காட்டுக்குள் இறங்குவதும் அந்த மாதங்களில்தான். அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டியவை சில உண்டு. தனியே போகாதே, மூன்று நாலு பேராகப் போ. காட்டுக்குள் வாய் மூடி நடக்காதே. சத்தமாகக் கதைத்துக்கொண்டு போ, கரடிக்கு நீ வருவது தூரத்திலேயே தெரியட்டும். விடியற் கருக்கலிலும் பொழுதுபட்ட பிறகும் பாலை மரத்தடிக்குப் போகாதே. மரத்தில் கிளை அசைந்தால் குரங்கென்று எண்ணி அடியில் போய் நிற்காதே. ஈரம் காயாத புற்று மண்ணைக் கண்டால் வந்த வழியே திரும்பு. குட்டியைக் கண்டால் தாய் பக்கத்தில் நிற்கிறது என்று எடுத்துக்கொள். தூரத்தில் கரடியைக் கண்டால் ஓடாதே, அதன் பக்கம் முகத்தை வைத்தபடி பின்வாங்கு. மேலே விழுந்துவிட்டால் குப்புறப் படுத்து, இரண்டு கைகளையும் பிடரியில் கோர்த்து, முகத்தை மண்ணோடு அணைத்துக்கொள். அது விலகிப் போய் நெடுநேரம் ஆகும்வரை எழும்பாதே.